ஒன்பதாம் கட்டிலின் காலைச் சாப்பாடு

உங்கள் சிறப்பு மலர்க் குழுவிலிருந்து இரண்டு பிள்ளைகள் போன மாதம் சாய்ந்தமருதில் என் வீட்டுக்கு வந்தார்கள். பயிற்சி முடித்து நியமனம் பெறுகிற தாதியருக்கு, ஓய்வு பெற்ற தாதி என்ற முறையில் நான் ஏதாவது எழுத வேண்டுமாம். தலைப்பையும் கையோடு கொண்டு வந்திருந்தார்கள்: "சுகாதார சேவையில் தாதியரின் பன்முகப் பங்கு." கூடவே ஒரு தாள். தாதிக்கு ஐந்து முகங்கள் என்று அதில் அச்சடித்திருந்தது. பராமரிப்பவள், கற்பிப்பவள், பதிவு வைப்பவள், நிர்வகிப்பவள், நோயாளிக்காகப் பேசுபவள். ஒரு முகத்துக்கு அரைப் பக்கம் போதும், கடைசியில் மெழுகுவர்த்தியைப் பற்றி இரண்டு வரி இருந்தால் வடிவாயிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

முப்பத்தைந்து வருடம் வேலை செய்திருக்கிறேன். தன்னை உருக்கி ஒளி கொடுத்த ஒரு தாதியையும் நான் கண்டதில்லை. கால் வீங்கிய தாதிகளைக் கண்டிருக்கிறேன். கோபக்காரிகளைக் கண்டிருக்கிறேன். அரைவாசி நேரம் லீவுக் கணக்குப் பார்த்தவர்களையும், அவர்களுக்கு நடுவில் வேலை தெரிந்த சிலரையும் கண்டிருக்கிறேன். மெழுகுவர்த்திப் பேச்சை மேடையில் பேசுகிறவர்கள் எவரும் ஒரு நாளாவது மலச்சட்டி தூக்கியவர்கள் இல்லை. எனவே மெழுகுவர்த்தியை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். அந்த ஐந்து முகங்களையும் ஒரே காலையில் மாட்டிக்கொண்டு திரிந்து, ஐந்திலும் நான் பிழை விட்ட கதையைச் சொல்கிறேன். பிடிக்காவிட்டால் அச்சடிக்க வேண்டாம்.

நான் ஓய்வு பெறுவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு நடந்தது. கரையோரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பெண்கள் வார்ட்டு. எந்த ஆஸ்பத்திரி என்று துருவிக்கொண்டு வராதீர்கள். கல்முனைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்றுகூடச் சொல்ல மாட்டேன்.

ஒன்பதாம் கட்டிலில் சுபைதா என்று ஒரு பெண். நாற்பத்தைந்து வயது, ஊர் சம்மாந்துறை. அரிசி ஆலையின் களத்தில் நெல் காயப்போடப் போய் ஆணி மிதித்திருக்கிறாள். சீனி வருத்தக்காரி. காயம் பெருவிரலில் ஏறி, ஆறாமல், கறுக்கத் தொடங்கிய பிறகுதான் வந்தாள். காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. சீனி ஒழுங்குக்கு வராவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டொக்டர் அவளுடைய முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். அதைச் சொன்ன விதத்தில் விரல் ஏதோ அவருடைய சொத்துப் போலவும், அவள் அதைக் கெடுத்துவிட்டது போலவும் இருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு "ஓம் டொக்டர், ஓம் டொக்டர்" என்றாள். அப்படி ஓம் போடுகிறவர்களை எங்களுக்கு நல்ல விருப்பம். நல்ல நோயாளி என்று பெயர் வைத்துவிடுவோம்.

பத்தாம் கட்டிலில் வீரமுனையைச் சேர்ந்த செல்லம்மா. அறுபது வயது தாண்டியவள், இழுப்பு வருத்தம். வாய் ஓயாது. இழுப்பு வரும் நேரத்தில்கூட இரண்டு மூச்சுக்கு நடுவில் ஒரு கேள்வி கேட்பாள். அவளை எங்களுக்கு விருப்பமில்லை. கரைச்சல் பிடித்த நோயாளி என்று பெயர் வைத்திருந்தோம்.

அது ஷஃபான் மாதத்தின் கடைசி. ரமழான் தொடங்க ஒரு கிழமைதான் இருந்தது. எங்களுடைய பெண்களுக்கு அது என்ன கிழமை என்று முஸ்லிம் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். போன ரமழானில் மாதவிலக்கு நாட்களில் விடுபட்ட நோன்பை அடுத்த ரமழான் வருவதற்கு முன் பிடித்து முடிக்க வேண்டும். களா நோன்பு என்போம். பதினொரு மாதம் கையில் இருக்கும். பிள்ளை, சமையல், கலியாணம், வருத்தம் என்று தள்ளித் தள்ளி, கடைசிக் கிழமையில் அடித்துப் பிடித்துக்கொண்டு பிடிப்போம். அதையும் ஒருவருக்கும் தெரியாமல்தான் பிடிப்போம். நோன்பு என்று சொன்னால் ஏன் என்ற கேள்வி வரும். ஏன் என்பதற்கு ஆண்களுக்கு முன்னால் வாய் திறந்து பதில் சொல்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. வீட்டில் மகன் தேநீர் நீட்டினால் வாங்கி அடுப்படிக்குக் கொண்டுபோய் ஊற்றுகிற பெண்கள் நாங்கள்.

அந்தக் கிழமை எனக்கும் நோன்புதான். வார்ட்டில் ஆண் தாதிகளும் சிற்றூழியர்களும் இருந்தபடியால், பத்து மணித் தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டு அங்கும் இங்கும் நடந்து, ஆறியதும் கழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டு, வெறும் கோப்பையை எல்லோருக்கும் தெரியும்படி மேசையில் வைப்பேன். வருடக்கணக்காகப் பழகிய வித்தை. அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

இனி முதலாம் நாளுக்கு வருகிறேன். காலை ஊசி போடப் போனபோது சுபைதா என் கையைப் பிடித்து, மெல்லிய குரலில் ஒரு கேள்வி கேட்டாள்.

"மிஸ்ஸி, இந்த ஊசி போட்டா நோம்பு முறியுமா? எங்கட மாமி கேக்கச் சொன்னா."

அவளுடைய மாமி அங்கே இல்லை. மாமிக்குச் சீனி வருத்தம் இருக்கிறது என்று, நோயாளியின் விபரம் எழுதுகிற கட்டில் டிக்கெட்டில் எங்கேயும் எழுதியிருக்கவும் இல்லை. எனக்கு அதைப் பற்றி என்ன கவலை? கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டும். அதுவும் மார்க்கக் கேள்வி. அந்த வார்ட்டில் முஸ்லிம் நோயாளிகளின் விடயம் என்றால் மற்றத் தாதிகள் எல்லோரும் என்னைத்தான் கேட்பார்கள். "எங்கட ஆக்கள எனக்குத் தெரியும்" என்பது நான் நாளுக்கு மூன்று தரம் சொன்ன வசனம். ஆகவே பள்ளிவாசலில் பயான் செய்கிறவர் மாதிரி நிமிர்ந்து நின்றுகொண்டு விளக்கம் கொடுத்தேன்.

"முறியாது ராத்தா. ஊசி சாப்பாடும் இல்ல, குடிப்பும் இல்ல. ஹதரத்மார் எல்லாரும் சொல்லியிரிக்காங்க. மாமிட்ட தைரியமாச் சொல்லுங்க."

அவளுடைய முகம் தெளிந்தது. என் கையைத் தடவிவிட்டு, "அல்லாஹ் உங்களுக்கு நல்லருள் செய்யணும்" என்றாள். எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. உங்கள் தாளில் இருக்கிற கற்பிப்பவள் என்ற முகம் இதுதான். வடிவாகக் கற்பித்தேன். யாருக்குக் கற்பிக்கிறேன் என்று மட்டும் பார்க்கவில்லை.

ஊசி போட்டு அரை மணிக்குள் அவள் சாப்பிட வேண்டும். எட்டு மணிக்குச் சாப்பாட்டு வண்டி வந்து பாணும் பருப்பும் கொடுத்துவிட்டுப் போகும். நான் வந்து பார்க்கும்போது ஒன்பதாம் கட்டிலின் தட்டு வெறுமையாக இருந்தது. துடைத்துவிட்ட மாதிரி ஒரு துண்டு பாண் இல்லை. "காலைச் சாப்பாடு முழுவதும் எடுத்தார்" என்று டிக்கெட்டில் எழுதினேன். அன்றும் எழுதினேன், அடுத்த நாளும் எழுதினேன். கரைச்சல்காரி செல்லம்மா பத்தாம் கட்டிலில் வாயைத் துடைத்தபடி வழக்கத்துக்கு மாறாக ஒன்றும் பேசாமல் இருந்தாள். அவள் வாய் மூடியிருந்ததற்காக நான் சந்தோசப்பட்டேனே தவிர, ஏன் என்று யோசிக்கவில்லை.

பின்னேரம் ஆறரை மணிக்குச் சுபைதாவின் மகள் சாப்பாடு கொண்டு வருவாள். பேரீச்சம்பழம், கஞ்சி, வட்டலப்பம், இன்னும் என்னென்னவோ. நோன்பு திறக்கிற நேரத்தில் பேரீச்சம்பழத்தைப் பார்த்தும் எனக்குப் புத்தியில் ஓடவில்லை. சீனி வருத்தக்காரிக்கு இதெல்லாம் என்னத்துக்கு என்று மகளுக்கு ஏசினேன். இரவுச் சீனி அளந்தால் ஏறிக் கிடக்கும். டொக்டர் இரண்டு நாள் பார்த்தார். இரவில் இப்படிக் கூடுகிறதே என்று மூன்றாம் நாளிலிருந்து காலை ஊசியின் அளவைக் கூட்டி எழுதினார். அவரைக் குறை சொல்ல முடியாது. காலையில் முழுத் தட்டுச் சாப்பிடுகிற பெண்ணுக்குத்தான் அவர் மருந்து எழுதினார். பதிவு வைப்பவள் என்ற முகத்தோடு, டிக்கெட்டில் அந்தப் பெண்ணை உண்டாக்கியவள் நான்.

மூன்றாம் நாள் வார்ட்டுக்குத் தரப் பரிசோதனை. கொழும்பிலிருந்து மூன்று பேர் கொண்ட குழு வந்து, ஒழுங்கையும் சுத்தத்தையும் பார்த்துப் புள்ளி போடுவார்களாம். இதற்காக ஒரு மாதமாக நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். மேசையில் "மேசை" என்று மூன்று மொழியில் எழுதி ஒட்டினோம். கதிரையில் "கதிரை". குப்பைத் தொட்டிக்குக் கீழே மஞ்சள் கோட்டில் ஒரு வட்டம், தொட்டி அதைவிட்டு ஒரு விரல் நகர்ந்தாலும் வார்ட்டின் தலைமைத் தாதியான சிஸ்டருக்குப் பொறுக்காது. கத்தரிக்கோலுக்கு ஒரு பலகை, பலகையில் கத்தரிக்கோலின் நிழல் மாதிரி ஒரு படம். காயத்துக்கு மருந்து கட்ட ஆளில்லை, கத்தரிக்கோலுக்குப் படம் வரைய மூன்று பேர். அவசர மருந்து வைத்த ட்ரொலியில் குப்பிகள் உயரப்படி வரிசையாக நின்றன. யாரும் தொட்டுக் குழப்பிவிடக் கூடாது என்று சிஸ்டர் அதைப் பூட்டிச் சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவசரத்துக்கு எடுக்க வேண்டிய மருந்தைப் பூட்டி வைத்ததைப் பற்றி எங்களில் ஒருத்தியும் ஒரு சொல் பேசவில்லை. நானும் பேசவில்லை. நிர்வகிப்பவள் என்ற முகத்தை அன்று அப்படித்தான் மாட்டிக்கொண்டிருந்தேன்.

ஏழரை மணிக்கு, கூட்டிய அளவில் ஊசி போட்டேன். எட்டு மணிக்குத் தட்டு வெறுமை. எழுதினேன். ஒன்பதரை மணிக்குக் கட்டில்களின் விரிப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டு போனபோது, சுபைதா கண்ணை மூடிக் கிடந்தாள். கழுத்தும் நெற்றியும் நனைந்திருந்தன. "என்ன ராத்தா, வேர்க்குதா?" என்று கேட்டேன். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள், விளங்கவில்லை. மேலே மின்விசிறி ஊர்ந்துகொண்டிருந்தது. வெக்கை என்று நினைத்தேன். துவாயால் நெற்றியை ஒற்றிவிட்டு, தலையணையை நேராக்கி, இரண்டு கையையும் விரிப்புக்கு மேலே அழகாக எடுத்து வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். இருபத்தைந்து வருடம் அனுபவமுள்ள தாதி. சீனி இறங்குவதன் அடையாளங்களைப் பயிற்சிப் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டிய தாதி. அந்த ஈரமான கையைப் பிடித்து, அதை வடிவாக வைத்துவிட்டுப் போனேன். பராமரிப்பு என்று உங்கள் தாளில் முதலாவதாகப் போட்டிருக்கிறீர்களே, அது.

பத்து மணிக்குக் குழு வந்தது. முன்னால் ஒரு பெரிய மனிதர், கையில் கோப்பு. பின்னால் இரண்டு பேர். சிஸ்டர் அவர்களுக்குப் பக்கத்தில் மணப்பெண்ணின் தோழி மாதிரி வந்தார். எங்களுடைய டொக்டரும் அன்றைக்கு மட்டும் கட்டிய டையோடு நின்றார். பெரியவர் குப்பைத் தொட்டியைக் குனிந்து பார்த்தார். கத்தரிக்கோல் படத்தைப் பார்த்து "பலே" என்றார். பத்தாம் கட்டிலில் இருமிக்கொண்டிருந்த செல்லம்மாவைக் கண்டு முகத்தைச் சுளித்தார். பிறகு ஒன்பதாம் கட்டிலுக்கு முன்னால் நின்றார். விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. தலையணை நேர். கை இரண்டும் ஒழுங்காக மேலே. நோயாளி அசையவில்லை.

"இதப் பாருங்க," என்றார் கூட வந்தவர்களிடம். "நோயாளி எவ்வளவு நிம்மதியாப் படுத்திருக்கிறா. வார்ட்டு எண்டா இப்படி இருக்கணும்."

நாங்கள் எல்லோரும் புன்னகைத்தோம். நானும்தான்.

அந்த நேரத்தில் செல்லம்மா எழும்பிக் கட்டிலில் உட்கார்ந்தாள். மூச்சு இழுத்தபடியே கத்தினாள்.

"நிம்மதியா! அவக்கு என்னமோ செய்யிது. நான் காலத்தால இருந்து கூப்பிடுறன், அவ பேசுறாவில்ல. கண்ணு ஒரு மாதிரிக் கிடக்கு."

"அம்மா, கொஞ்சம் பேசாம இரிங்க," என்றார் சிஸ்டர், பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தபடி.

"நான் பேசாம இருந்துதான் இப்பிடி வந்திருக்கு." செல்லம்மா என்னைப் பார்த்தாள். "மிஸ்ஸி, அவ ஒண்டும் திங்கல்ல. மூணு நாளா அவட பாண நான்தான் திண்டன். நோம்பாம். ஆரிட்டயும் சொல்லக் கூடாதெண்டு என்ட கையில அடிச்சிச் சத்தியம் வாங்கினவ. இனி எனக்குச் சத்தியமும் வேணாம், ஒண்டும் வேணாம்."

எனக்கு விளங்க ஒரு கணம்தான் எடுத்தது. ஊசி, வெறும் வயிறு, கூட்டிய அளவு, ஈரமான கை. மாமியின் கேள்வி கடைசியாக ஞாபகம் வந்தது.

சிஸ்டர் என்னைப் பார்த்தார். அவர் வாய் திறக்காமலே சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது: இவர்கள் வாசலைத் தாண்டட்டும், இரண்டு நிமிடம். முதல் அடி எடுத்து வைக்க எனக்கு மூன்று செக்கன் ஆனது. அந்த மூன்று செக்கனில் நான் சுபைதாவை நினைக்கவில்லை. டிக்கெட்டில் மூன்று நாளும் என் கையெழுத்தில் இருந்ததை நினைத்தேன். இதை உங்களிடம் மறைத்தால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை.

பிறகு பெரியவரின் தோளை இடித்துக்கொண்டு போய்ச் சுபைதாவை உலுப்பினேன். பெயரைச் சொல்லிக் கத்தினேன். விழிக்கவில்லை. விரலில் குத்தி சீனி அளந்தேன். அந்தச் சின்ன இயந்திரம் இலக்கம் காட்டவில்லை. அளக்க முடியாத அளவுக்குக் குறைவு என்று மட்டும் காட்டியது. "சிஸ்டர், சாவி!" என்றேன். சிஸ்டர் பெரியவரைப் பார்த்தார், ட்ரொலியைப் பார்த்தார், வரிசையாக நின்ற குப்பிகளைப் பார்த்தார். அவர் பார்த்து முடியும்வரை நான் காத்திருக்கவில்லை. அவருடைய சட்டைப்பைக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்தேன். குளுக்கோஸ் குப்பி கடைசி வரிசையில், உயரமானவற்றுக்குப் பின்னால் இருந்தது. முன்னால் நின்றவற்றைக் கையால் ஒதுக்கினேன். மூன்று குப்பி நிலத்தில் விழுந்து உடைந்தது. ஒரு மாதத்து வேலை.

டொக்டர் டையைத் தோளுக்கு மேலே எறிந்துவிட்டு ஓடி வந்தார். அதற்காக அவர்மேல் எனக்கு இன்றுவரை மரியாதை உண்டு. அவளுடைய கையில் முன்பே ஏற்றியிருந்த குழாய் வழியாகக் குளுக்கோஸ் போனது. செல்லம்மா "அம்மாளே, அம்மாளே" என்று தன் ஆச்சியைக் கூப்பிடுகிற மாதிரி அம்மனைக் கூப்பிட்டாள். நான் கலிமாவைச் சொன்னேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. சுபைதா கண்ணைத் திறந்தாள். சுற்றி நின்ற ஆண்களைக் கண்டதும் முதல் வேலையாக முக்காட்டை இழுத்துத் தலையை மூடினாள்.

"ராத்தா, நீங்க நோம்பா?" என்று கேட்டேன், எல்லோருக்கும் முன்னால்.

"இல்ல மிஸ்ஸி," என்றாள். நாக்கு இன்னும் புரளவில்லை. "காலையில பாண் திண்டனே."

செல்லம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்தப் பெரிய மனிதர் என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? கோப்பைத் திறந்து ஏதோ எழுதினார். "அவசர நேரத்தில் வார்ட்டு ஆயத்தமாக இருந்தது" என்று எழுதி அதற்கும் புள்ளி போட்டிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. உடைந்த குப்பிகளைத் தாண்டிக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அடுத்த வார்ட்டுக்குப் போனார்.

அவர்கள் போனதும் சிஸ்டர் என்னை மேசைக்குக் கூப்பிட்டார். கெட்ட மனுசி இல்லை அவர். பயந்த மனுசி. "நோயாளி நோன்பு பிடித்ததை மறைத்து, சாப்பிட்டதாகத் தாதியை ஏமாற்றினார்" என்று டிக்கெட்டில் எழுதச் சொன்னார். "அவ வாயால ஒருக்கா சொல்ல வைங்க, நானும் சாட்சிக்கு ஒப்பம் வைக்கிறன். உங்களுக்கும் நல்லம், எனக்கும் நல்லம்." அவர் சொன்னது பொய்யும் இல்லை. சுபைதா மறைத்தாள்தான். செல்லம்மா சாட்சி. எனக்கு நல்ல ஆறுதலாக இருந்தது. அவளுடைய வாயால் அதை எடுக்கத்தான் டிக்கெட்டையும் பேனையையும் எடுத்துக்கொண்டு போனேன். நோயாளிக்காகப் பேசுபவள் என்கிறீர்களே, நான் அவளுடைய கட்டிலுக்குப் போனது எனக்காகப் பேச.

திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்தேன். சுபைதா சீனி போட்ட தேநீர் குடித்து முடித்திருந்தாள். முகத்தில் நிறம் வந்திருந்தது.

"உண்மையச் சொல்லுங்க. நோம்புதானே?"

"இல்ல மிஸ்ஸி."

"செல்லம்மா சொல்றாவே."

"அவ வயசாளி. வெளங்காமச் சொல்றா."

மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் இல்லை என்றாள். கடைசித் தடவை கண் கலங்கிவிட்டது, ஆனாலும் சொல்லவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் டொக்டரின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, அந்தக் குரல் வந்த பக்கத்தைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. குனிந்து அவளுடைய காதுக்குப் பக்கத்தில் சொன்னேன்.

"எனக்கு ஆறு நோம்பு களா இரிக்கி. இண்டைக்கு நானும் நோம்பு. அங்க மேசையில இரிக்கிற தேத்தண்ணிக் கோப்பை வெறும் கோப்பை. ஊத்திட்டு வந்து வெச்சிரிக்கன்."

ஒரு தாதி ஒரு நோயாளியிடம் சொல்லக்கூடிய பேச்சா இது என்று உங்களுக்குப் படித்துக் கொடுத்தவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும்.

சுபைதா முக்காட்டின் ஓரத்தை வாய்க்கு நேரே இழுத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கு அஞ்சு. இண்டைக்கு மூணாவது."

நான் பேனையைத் திறந்தேன். எழுத வேண்டியது கிடைத்துவிட்டது. அப்போது அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள், முதலாம் நாள் பிடித்த மாதிரியே.

"மிஸ்ஸி, அண்டைக்கு ஊசி போட்டா முறியுமா எண்டு உங்களிட்ட கேட்டன்தானே?"

"ஓம்."

"முறியாது, தைரியமாச் சொல்லுங்க எண்டீங்க. நீங்க வெளங்கிட்டுத்தான் ஆம்பிளையளுக்கு முன்னால மறைச்சி அப்படிச் சொல்றீங்க எண்டு நான் நெனச்சன். நீங்களும் பொம்பிளதானே. மிஸ்ஸிக்குத் தெரியும், தெரிஞ்சிட்டுத்தான் ஊசி போடுறா, அப்ப ஒண்டும் ஆகாது எண்டு நம்பித்தான் பாணக் குடுத்தன்."

அவள் கோபப்பட்டுச் சொல்லவில்லை. என்மேல் பிழை சொல்வதாகக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

அவள் ஒளிக்கவில்லை. மற்ற எல்லோரிடமும் ஒளித்தாள், என்னிடம் சொன்னாள். எங்கள் பெண்கள் இப்படியான விடயத்தை எப்படிச் சொல்வார்களோ, அப்படிச் சொன்னாள். மாமியைச் சாட்டி, மெல்லிய குரலில், கையைப் பிடித்துக்கொண்டு. அந்த வார்ட்டிலேயே அந்தப் பேச்சு விளங்கக்கூடியவள் நான் ஒருத்திதான். கொழும்பிலிருந்து வந்த யாரோ ஒரு தாதிக்கு விளங்கியிருக்காது, அவளை யாரும் குற்றம் சொல்லவும் மாட்டார்கள். எங்கட ஆக்களைத் தெரியும் என்று நாளுக்கு மூன்று தரம் சொன்ன எனக்கு, வயிற்றில் நோன்பையும் கையில் வெறும் கோப்பையையும் வைத்துக்கொண்டு நின்ற எனக்கு, விளங்கவில்லை.

டிக்கெட்டில் சிஸ்டர் சொன்னதை எழுதவில்லை. "நோயாளி முதலாம் நாளே தாதியிடம் சொன்னார். தாதி விளங்கிக்கொள்ளவில்லை. மூன்று நாளும் சாப்பிட்டதைப் பார்க்காமல் தட்டை மட்டும் பார்த்து எழுதப்பட்டது" என்று எழுதி, என் பெயரையும் எழுதி ஒப்பம் வைத்தேன். சிஸ்டர் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. என் பதவி உயர்வு ஒரு வருடம் பிந்தியது. வார்ட்டுக்குச் சான்றிதழும் வந்தது, கண்ணாடி போட்டு ஒன்பதாம் கட்டிலுக்கு நேர் எதிரே சுவரில் மாட்டினார்கள். சுபைதாவின் விரல் தப்பியது. மீதி நோன்பைக் காயம் ஆறிய பிறகு பிடிக்கலாம் என்று அவளுக்கு மார்க்கம் படித்த ஹதரத் ஒருவரைக் கொண்டு சொல்வித்தேன். இந்தத் தடவை நான் பயான் செய்யவில்லை. வீட்டுக்குப் போகிற நாள் செல்லம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். சத்தியத்தை உடைத்ததற்குக் கோபமில்லையா என்று செல்லம்மா கேட்டதற்கு, "நீங்க திண்ட பாணுக்குத்தான் கோபம்" என்றாள்.

பிள்ளைகளே, உங்களுக்கு இப்போது என்னென்னவோ இருக்கிறது. கைத்தொலைபேசியில் அளவு பார்க்கிறீர்கள், கணினியில் பதிகிறீர்கள், உங்களுக்கு முன் முடித்தவர்கள் வெளிநாட்டு முதியோர் இல்லங்களில் இருந்து தொப்பி போட்டுப் படம் அனுப்புகிறார்கள். போய் வாருங்கள். ஆனால் உங்களுடைய ஊர்க்காரி, உங்களுடைய மார்க்கக்காரி, உங்களைப் போன்ற ஒரு பெண் கட்டிலில் கிடக்கும்போதுதான் ஆகக் கூடுதலாகப் பயப்படுங்கள். அவள் உங்களுக்கு விளங்கும் என்று நம்பிப் பாதியைத்தான் சொல்வாள். மீதியைக் கேட்க உங்களுக்கு மனம் வராது. தெரியும் என்று நினைத்துக்கொண்டு ஊசியைப் போட்டுவிடுவீர்கள். நான் போட்டேன்.

மெழுகுவர்த்திக்கு ஒதுக்கிய இரண்டு வரியில் அவள் சொன்னதைப் போடுங்கள். "மிஸ்ஸிக்குத் தெரியும், தெரிஞ்சிட்டுத்தான் ஊசி போடுறா." பெயர் வேண்டாம், ஒன்பதாம் கட்டில் என்று மட்டும் போட்டால் போதும்.